ஏம்ஸ் சோதனைக்கு முந்தைய கதை

அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் 'புற்றுநோய் அபாயத்தைக் கண்டறியும் சோதனையைத் தந்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அதற்கு முந்தைய உழைப்புதான் எனக்குப் பிடித்த பகுதி. சால்மோனெல்லா பாக்டீரியா ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை எப்படித் தயாரிக்கிறது, எந்த மரபணு எந்தப் படிக்குப் பொறுப்பு என்று வருடக்கணக்கில் குடைந்தவர் அவர். மரபணு மாறிப்போய் ஹிஸ்டிடின் தயாரிக்கத் தெரியாத சால்மோனெல்லா வகைகள்தான் 1970களில் சோதனைக்குக் கைகொடுத்தன. ஹிஸ்டிடின் போதாத தட்டில் அவை பெருகாது. மரபணுவைச் சிதைக்கும் வேதிப்பொருள் சேர்ந்தால், சில செல்கள் மறுபடி மாறி, இழந்த திறனைப் பெற்றுப் புள்ளி புள்ளியாகக் காலனி கட்டும். காலனிகளை எண்ணிப் பார்த்தால் போதும், அந்தப் பொருள் மரபணுவை மாற்றுமா, அதனால் புற்றுநோய் அபாயம் இருக்கலாமா என்று தெரிந்துவிடும். சில பொருள்கள் கல்லீரலுக்குள் போன பிறகே விஷமாகும் என்பதால் எலிக் கல்லீரல் சாற்றையும் கலந்தார் பாருங்கள், அங்கேதான் உயிர்வேதியியலாளர் தெரிகிறார்!

1977இல் அமெரிக்கக் குழந்தைகளின் இரவு உடையில் தீத்தடுப்பாகச் சேர்த்த டிரிஸ் என்ற வேதிப்பொருள் தடையானதில் இவருடைய ஆய்வுக்கும் பங்குண்டு. அப்புறம் அவரே, செடிகள் இயற்கையாகச் சுரக்கும் நச்சுகளோடு ஒப்பிட்டால் உணவிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சம் அற்பம் என்று சொல்லி, சூழலியலாளர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தச் சண்டையைப் பற்றியும் எழுதுங்கள் சார்.