"ஓடுதுங்களா?" என்று முதலில் கேட்காதீர்கள்

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார் ஒன்று விலைக்கு வருகிறது என்றதும் சேலத்தில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "ஓடுதுங்களா?" என்பதுதான். விற்பவரும் அதற்கேற்ற மாதிரி நாலு நாள் பட்டறையில் போட்டு, பேட்டரி மாற்றி, பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறார். வாங்குபவரும் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். 1940க்கு முந்தைய காரை மதிப்பிட இதைவிடத் தப்பான வழி இல்லை.

இன்ஜினை ஓடவைப்பது இந்தப் பக்கத்தில் பெரிய வேலையே இல்லை. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரியால் வாழ்கிற ஊர்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யவும், கிராங்க் அரைக்கவும், புஷ் கடையவும் கை தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜினில் கிராங்க், கனெக்டிங் ராட் பேரிங்குகள் ஒயிட்மெட்டல் என்கிற மெதுவான உலோகக் கலவையை உருக்கி ஊற்றிக் கடைந்தவை. அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டாலும் தேடினால் கிடைப்பார்கள். மாடல் ஏ-வுக்கு அமெரிக்காவிலும், ஆஸ்டின் செவனுக்கு இங்கிலாந்திலும் இன்றைக்கும் புதுப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். சுங்க வரி கட்டி வரவழைக்க வேண்டும், செலவு பிடிக்கும், அவ்வளவுதான். காசு கொடுத்தாலும் திரும்ப வராதவை நான்கு: அசல் எண், பாடிக்குள் இருக்கும் மரம், அந்தக் காரோடு பிறந்த சின்னச் சின்ன சாமான்கள், காகிதம். விலை பேச வேண்டியது இவற்றை வைத்துத்தான்.

எண்ணை எடுத்துக்கொள்வோம். மாடல் ஏ-யில் இன்ஜின் பிளாக்கின் இடது பக்கம், தண்ணீர்க் குழாய் சேரும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன மேடை இருக்கும். எண் அங்கேதான். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கை மெதுவாகத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வார்ப்பின் பழைய பரப்பு அப்படியே இருக்கிறதா, கிரைண்டர் ஓடிய கோடு தெரிகிறதா? எழுத்துகள் ஒரே அச்சில் விழுந்தவையா, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? அதே எண்ணை சேசிஸின், அதாவது பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், மேலும் குத்தியிருப்பார்கள். ஆனால் அது பாடிக்கு அடியில் மறைந்திருக்கும், பாடியைத் தூக்கினால்தான் கண்ணில் படும். பிற்காலத்தில் நியாயமான காரணத்துக்காக இன்ஜின் மாற்றியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அது குற்றமில்லை. அதை மறைத்து எண்ணை அரைத்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருந்தால் மட்டும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அடுத்தது மரம். ஃபோர்டு பாடியில் பெரும்பங்கு இரும்பு. முப்பதுகளின் முதல் பாதியில் வந்த செவர்லே அப்படியில்லை. வெளியே தெரிவது தகரம், உள்ளே தாங்கி நிற்பது முழுக்க மரச்சட்டம். ஏற்காட்டில் இதுதான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. மழையும் மூடுபனியும் குடித்துக்கொண்டு கொட்டகையில் நின்ற காரில் மரம் உளுத்திருக்கும். அடிவாரத்துக்கு வந்துவிட்டால் கரையான். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். மூடும்போது கதவைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தால் கீல் பிடித்திருக்கும் தூண் போய்விட்டது என்று அர்த்தம். தரைவிரிப்பைத் தூக்கி, வாசல் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். நல்ல மரம் தாங்கும், உளுத்தது உள்ளே வாங்கிக்கொள்ளும். பையில் ஒரு சின்னக் காந்தமும் இருக்கட்டும். மட்கார்டின் வளைவில் காந்தம் ஒட்டாமல் நழுவினால் அங்கே இருப்பது தகரமல்ல, பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு புரோக்கர் காட்டிய செர்ரிச் சிவப்பு மோரிஸ் எய்ட்டில் மட்கார்டு நான்கிலும் காந்தம் நிற்கவே இல்லை. அடியில் தகரம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். "பார்க்க எப்படி இருக்கு பாருங்கண்ணா" என்பதுதான் பதில்.

அதனால்தான் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்கிறேன், குறிப்பாக மலை மேல் காபித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு. விற்பதற்கு முன்னால் தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள். வெடித்த பழைய பெயின்டும் தேய்ந்த தோல் சீட்டும் அந்தக் காரின் சாட்சிகள். அவற்றை அழிக்க நீங்களே காசு செலவழித்துவிட்டு, அதனால் விலையையும் குறைத்துக்கொள்கிறீர்கள். பல வருஷம் நின்ற இன்ஜினுக்குத் திடீரென்று பேட்டரி கொடுத்து முடுக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, ஊற விட்டுக் கையால் ஹாண்டில் போட்டு மெல்லச் சுற்றுவதுதான் முறை.

நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் காபிக் குடோனை ஒட்டிய கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் நின்றது. நாலு டயரும் தரையோடு தரை. இரும்பு விலைக்குக் கேட்டு ஆள் வந்துபோயிருந்தான், வீட்டாரும் அதற்கு ஒத்துக்கொள்ளும் மனநிலையில்தான் இருந்தார்கள். கொட்டகை மூலையில் கிடந்த சாக்கு மூட்டையை அவிழ்த்தால் வீல் கப், ஜாக்கி, கை ஹாண்டில், உடையாத ஹெட்லைட் கண்ணாடி என்று எல்லாமே இருந்தன. டிரங்குப் பெட்டியில் பழைய இன்ஷூரன்ஸ் காகிதமும் வரி ரசீதும். கல்யாண ஆல்பத்தில் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிற ஒரு படம். அந்தச் சாக்கும் பெட்டியும் ஆல்பமும் சேர்ந்தால் அது வேறு கார், வேறு விலை. "இதெல்லாமா கணக்கு?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். இதுதாங்க கணக்கே.

இன்னொரு தடயமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது பின்பக்கம் கரி கேஸ் பிளான்ட், அதாவது கரியை எரித்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டும் சாதனம், பூட்டி ஓட்டினார்கள். கரித்தூள் சிலிண்டரைத் தேய்த்துவிடும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் பின்சட்டத்தில் காரணம் புரியாத துளைகள் இருந்தால் அவசரப்பட்டு வெல்டிங் வைத்து அடைக்காதீர்கள். அது அந்தக் காலத்தின் கையெழுத்தாக இருக்கலாம்.

டீசல் இன்ஜின் மாற்றிய கார்களைப் பற்றிக் கேட்கிறார்கள். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது வேறு வழியில்லாமல் மாற்றியவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் காரை ஓட்டி வாழவைத்தார். இப்போது, அசல் இன்ஜின் நன்றாக இருக்கும்போதே கழற்றி எறிந்துவிட்டு, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடுவதற்காக மாற்றுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சட்டமும் இதற்குத் துணையில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிதான் வின்டேஜ். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். புதுப் பதிவுக்கு மாநில எழுத்துக்குப் பிறகு விஏ என்று வரும், ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்த வண்டியைக் காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் எடுக்கலாம், வாடகைக்கு விடக் கூடாது. ஆர்சி புக் இல்லாமல் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாங்கியவர்கள் அலைகிற அலைச்சலைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், புக் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக ஓட்டிப் பாருங்கள், அதுவும் ஐந்து ரோட்டில் ஒரு சுற்று அல்ல. வண்டி தாங்கும் என்று மெக்கானிக் சொன்னால் ஏற்காடு அடிவாரத்திலிருந்து சில கொண்டை ஊசி வளைவாவது ஏற்றி இறக்குங்கள். ரேடியேட்டர் கொதிக்கிறதா என்பது ஏறும்போது தெரியும். மாடல் ஏ-யில் பிரேக் முழுக்கக் கம்பியும் நெம்புகோலும்தான், ஆயில் பிரேக் கிடையாது. இறங்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லை. கீழ் கியரில் இறங்கத் தெரியாதவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். மரச்சட்டத்தின் மேல் தகரம் ஏற்றும் வேலை தெரிந்த ஆட்களுக்கு இப்போது பெரிய தட்டுப்பாடு. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் மரத்தில் லாரி பாடி கட்டிப் பழகிய பெரியவர்கள் யாராவது இன்னும் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மேலே சொன்ன கொட்டகைக் காருக்குக் கதவுத் தூண் இரண்டு செய்ய வேண்டும், வேலை காத்திருக்கிறது.