வாஷிங்டன் மாநிலத்தை விட்டுவிட்டீர்களே
2015ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம்தான் அமெரிக்க மாநிலங்களுக்குப் பள்ளிக்கல்வியில் முதன்முதலாகச் சுதந்திரம் கொடுத்தது என்கிறது உங்கள் கட்டுரை. முழுக்கச் சரியில்லை. புஷ் காலத்து 2002 சட்டத்திலேயே தேர்ச்சி எது என்பதை மாநிலங்கள்தான் முடிவு செய்தன. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேறியாக வேண்டும் என்று கெடு வைத்துவிட்டு, அளவுகோலை மாநிலங்கள் கையிலேயே கொடுத்தால் என்ன ஆகும்? சில மாநிலங்கள் சத்தமில்லாமல் தேர்ச்சி வரம்பைக் குறைத்துக்கொண்டன.

அப்புறம் 2012ல் அந்தக் கெடுவிலிருந்து மாநிலங்களுக்கு விலக்குகள் வந்தன. அதற்கும் நிபந்தனை உண்டு: ஆசிரியர் மதிப்பீட்டில் மாணவர்களின் தேர்வு முடிவையும் சேர்க்க வேண்டும். வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் அப்படி ஒரு சட்டம் போட மறுத்தது. 2014ல் விலக்கு பறிபோனது. அங்கே பெரும்பாலான பள்ளிகள், நல்ல பெயர் எடுத்தவை உட்பட, இலக்கை எட்டாதவை என்ற பட்டியலில் விழுந்தன. பெற்றோருக்குக் கடிதம் வேறு போனது! இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இப்போதைய 2015 சட்டத்திலும் 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுத் தேர்வு அப்படியே இருக்கிறது. பின்தங்கிய பள்ளிகளை எப்படிச் சீர்செய்வது என்பதுதான் பெருமளவு மாநிலத்தின் பொறுப்புக்கு வந்திருக்கிறது. பல மாநிலங்கள் மதிப்பெண்ணோடு, அடிக்கடி பள்ளிக்கு வராத பிள்ளைகளின் கணக்கையும் சேர்த்தது எனக்குப் பிடித்த மாற்றம். அதை அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதுங்கள்.