டோப்ருக் பறிபோனது கூட்டாளிகளின் சண்டையால் அல்ல

லிபியாவின் டோப்ருக் துறைமுகம் பற்றிப் பேச்சு வந்தாலே, இரண்டாம் உலகப் போரில், 1941-ல், அங்கிருந்த தன் படையை வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்று ஆஸ்திரேலியா பிரிட்டனிடம் பிடிவாதம் பிடித்ததைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

அந்த ஏப்ரலில் ஜெர்மன் தளபதி ரொம்மலின் படை டோப்ருக்கைச் சூழ்ந்துகொண்டது. உள்ளே மோர்ஸ்ஹெட் தலைமையில் ஆஸ்திரேலியாவின் 9-வது டிவிஷன், பிரிட்டிஷ் பீரங்கிப் படையினர், இந்தியாவின் 18-வது குதிரைப்படை ரெஜிமென்ட். சோறும் தோட்டாவும் கடல் வழியாகத்தான் வர வேண்டும், அதுவும் பெரும்பாலும் இருட்டில். ஜூலையில் ஆஸ்திரேலியத் தளபதி பிளேமி, தன் வீரர்கள் களைத்துவிட்டார்கள், மாற்றுப்படை அனுப்புங்கள் என்றார். சிதறிக் கிடக்கும் ஆஸ்திரேலியப் படைகளை ஒரே தலைமையில் சேர்க்க வேண்டும் என்பதும் அவர் கோரிக்கை. மத்தியக் கிழக்கின் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் மறுத்தார். கப்பல்கள் பலியாகும், அடுத்த தாக்குதல் தள்ளிப்போகும் என்பது அவர் வாதம். சர்ச்சிலும் அவர் பக்கம். வாதம் வலுவானதுதான். ஆனால் கிரீஸிலும் கிரீட்டிலும் தன் பிள்ளைகளை இழந்துவிட்டு வந்த நாடு வேறு எப்படிப் பேசும்? மென்சீஸ், ஃபேடன், கர்ட்டின் என அடுத்தடுத்து மூன்று பிரதமர்கள் அதையே கேட்டார்கள். ஆக்கின்லெக் ராஜினாமா வரை யோசித்தார்.

கடைசியில் மாற்றம் நடந்தது. போலந்துப் படையும் பிரிட்டனின் 70-வது டிவிஷனும் உள்ளே போயின. விலையும் கொடுத்தார்கள். அக்டோபரில் லட்டோனா என்ற, கடலில் கண்ணிவெடி பதிக்கும் கப்பல் மூழ்கியது; ஆஸ்திரேலியாவின் ஒரு பட்டாலியன் வெளியேற முடியாமல் முற்றுகை உடையும்வரை உள்ளேயே நின்றது. ஆனாலும் துறைமுகம் கைவிட்டுப் போகவில்லை.

அடுத்த வருடம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னொரு முற்றுகையைக் கடற்படையால் தாங்க முடியாது, ஆகவே டோப்ருக்கில் மறுபடி அடைபடக் கூடாது என்று 1942 தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் தளபதிகள் முடிவெடுத்திருந்தார்கள். சரி, நியாயமான முடிவு. அதன்படி அங்கிருந்த கண்ணிவெடிகளைத் தோண்டி, மேற்கே இருந்த கஸாலா அரணுக்குக் கொண்டுபோனார்கள், டாங்கித் தடுப்புப் பள்ளங்களை மணல் மூடியது. ஜூனில் கஸாலா உடைந்ததும், டோப்ருக்கை விடக் கூடாது என்று லண்டனிலிருந்து சர்ச்சில் நெருக்கினார். இப்போது யாரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை. விடவும் இல்லை, காக்கத் தயாராகவும் இல்லை. அந்த அரைகுறை நிலையில், தென்னாப்பிரிக்கத் தளபதி குளோப்பரிடம் ஊரை ஒப்படைத்தார்கள்.

ஜூன் 20-ல் தென்கிழக்கில், இந்தியாவின் 11-வது பிரிகேட் நின்ற இடத்தில் ரொம்மலின் அடி விழுந்தது. மறுநாளே சரண். சுமார் 33,000 பேர் கைதிகளானார்கள். வாஷிங்டனில் ரூஸ்வெல்ட்டோடு இருந்தபோதுதான் சர்ச்சிலுக்குச் செய்தி எட்டியது. அந்தப் பழியைக் குளோப்பர் ஒருவர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது.