போலியோ தசையைத் தின்பதில்லை
"போலியோ கால் தசையைத் தின்னுடும், தொத்தினாலே கால் போச்சு"ன்னு சொல்றீங்க. ரெண்டுமே தப்பு சார். வைரஸ் வாய் வழியா போய் குடல்ல பெருகுது. பெரும்பாலானவங்களுக்கு அறிகுறியே இருக்காது. சுமார் 200 பேர்ல ஒருத்தருக்குத்தான் கை கால் நிரந்தரமா செயலிழந்து போகுது. அவருக்கு வைரஸ் தண்டுவடத்தோட முன்பகுதியில இருந்து தசைக்குக் கட்டளை அனுப்புற இயக்க நரம்பு செல்லுக்குள்ள புகுந்து, அங்க புரதம் தயாரிக்கிற ரைபோசோம்ங்கிற நுண்ணிய உறுப்புகளைத் தன் புரதம் தயாரிக்க வளைச்சுப் போட்டு, செல்லையே கொன்னுடுது. கட்டளை வராத தசை சூம்பிப்போகுது, அவ்வளவுதான். உணர்வு நரம்பை அது பொதுவா தொடுறதில்லை. அசையாத காலைக் கிள்ளினாலும் வலிக்கும்.

இன்னொண்ணு, அறிகுறி இல்லாதவங்க மலத்துலயும் வாரக்கணக்கா வைரஸ் வெளியேறும். கழிவுநீரைச் சோதிக்கிறது அதுக்குத்தான். "எங்க ஊர்ல யாருக்கும் கால் போகலை, அதனால வைரஸே இல்லை"ங்கிற வாதமும் இங்கேயே அடிபட்டுப் போகுது.