நான்கு கரடிகளின் மார்பில் ஒரு மஞ்சள் கை

தத்ரூபமான ஓவியத்தை யாராவது பகிர்ந்தால் போதும், கீழே "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்று ஒரு வரி வந்துவிடும். அது பாராட்டு. ஓவியம் தெரிந்தவர்கள் சிலர் அதையே குறையாகச் சொல்வார்கள்: போட்டோ மாதிரிதான் என்றால் ஓவியர் எதற்கு? இந்த இரண்டு தரப்பையும் உட்காரவைத்து கார்ல் போட்மரின் படங்களைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

போட்மர் சுவிட்சர்லாந்துக்காரர். மாக்சிமிலியன் என்ற ஜெர்மன் இளவரசர், இயற்கை ஆராய்ச்சியாளர், வட அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் பயணம் போனபோது படம் வரைய இவரைக் கூட்டிப்போனார். 1833-இல் போட்மருக்கு 24 வயது. புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான்.

அந்தக் குளிர்காலத்தை இன்றைய வடக்கு டகோட்டாவில் உள்ள கிளார்க் கோட்டையில் கழித்தார்கள். பக்கத்திலேயே மாண்டன் என்ற பழங்குடி மக்களின் ஊர். வண்ணம் உறைந்துபோகும் குளிர். அதிலும் அவர் ஒரு மண்வீட்டின் உட்புறத்தை வரைந்திருக்கிறார் பாருங்கள்: கூரைத் துளை வழியாக இறங்கும் வெளிச்சம், நடுவில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், தொங்கும் ஆயுதங்கள், ஓர் ஓரத்தில் வீட்டுக்குள்ளேயே நிற்கும் குதிரைகள். அந்த வெளிச்சத்தில் கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், உண்மையான வீட்டுக்குள் நுழைந்தது போலவே.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மாண்டன் தலைவர் மாட்டோ-டோப்பேயின் படங்களை. பெயரின் பொருள் 'நான்கு கரடிகள்'. ஒரு படத்தில் மேற்சட்டை இல்லை. மார்பில் மஞ்சள் நிறத்தில் ஒரு கை. எதிரிகளைச் சிறைபிடித்தவர் என்று அர்த்தம். தலைமுடியில் செருகிய குச்சிகள் அவர் வாங்கிய குண்டுக் காயங்கள். சிவப்பு மரக்கத்தி, செயென் என்ற இன்னொரு பழங்குடியின் தலைவன் ஒருவனை அவனுடைய கத்தியாலேயே கொன்றதற்கு. போட்மர் சோம்பல்பட்டு ஒரு குச்சியை விட்டிருந்தால், அந்த மனிதரின் வாழ்க்கையில் ஒரு காயம் காணாமல் போயிருக்கும். நுணுக்கமாக வரைவதைக் கைத்திறன் காட்டுவது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இந்த இடத்தில்தான். எதிரில் இருப்பவர் தன்னைப் பற்றிச் சொல்வதை ஒன்றுவிடாமல் கேட்டவரின் படம் இது.

1837-இல் ஒரு நீராவிப் படகோடு பெரியம்மை வந்தது. மாண்டன்களில் பத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். மாட்டோ-டோப்பேயும் போனார். அதற்காக 'அழிந்துபோன இனம்' என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. ஹிடாட்சா, அரிக்காரா மக்களோடு வடக்கு டகோட்டாவின் ஃபோர்ட் பெர்தோல்ட் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தில் இன்றும் வாழ்கிறார்கள்.

அப்புறம், ஒரு மனக்குறை. மாட்டோ-டோப்பேயை எல்லோரும் போட்மருக்கு முன்னால் உட்கார்ந்தவராக மட்டுமே எழுதுகிறார்கள். அவரும் ஓவியர். எருமைத்தோலில் தன் போர்களை வரைந்தவர். காகிதமும் வண்ணமும் கிடைத்ததும் அந்தச் செயென் தலைவனோடு போட்ட சண்டையை அதிலும் வரைந்தார். அந்தக் காகிதம் அமெரிக்காவின் ஒமாஹா நகரத்து ஜோஸ்லின் அருங்காட்சியகத்தில், போட்மரின் படங்கள் இருக்கும் அதே இடத்தில் இருக்கிறது. போட்மரைத் தேடிப் பார்க்கிறவர்கள் அதையும் தேடிப் பாருங்கள். அதில் மாட்டோ-டோப்பே எதிரியின் கத்தியை வெறுங்கையால் பிடிக்கிறார்.