அதைச் சொன்னது சாரா பேலின் இல்லை

"என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரியும்" என்று, 2008-இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற அலாஸ்கா ஆளுநர் சாரா பேலின் சொன்னதாக ஒருவர் எழுதி, குடியரசுக் கட்சிக்காரர்களின் அறிவு இவ்வளவுதான் என்று முடித்திருக்கிறார். அந்த வசனம் 2008 செப்டம்பரில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் பேலின் வேஷம் போட்ட நடிகை டீனா ஃபே பேசியது. பேலின் ஏபிசி தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னது, அலாஸ்காவின் ஒரு தீவிலிருந்து ரஷ்யாவைப் பார்க்கலாம் என்று. அதில் பொய் இல்லை. அமெரிக்காவின் லிட்டில் டயமீட் தீவுக்கும் ரஷ்யாவின் பிக் டயமீடுக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர் கடல்தான். ரஷ்யாவைப் பற்றி என்ன புரிதல் இருக்கிறது என்று கேட்டதற்கு இதெல்லாம் ஒரு பதிலா என்றால், நானும் சேர்ந்தே சிரிப்பேன்.

ஆனால் அதே அன்பர், ஜனநாயகக் கட்சியின் முன்னாள் துணை அதிபர் அல் கோர் 'இணையத்தைக் கண்டுபிடித்தேன்' என்று பீற்றிக்கொண்டதாக யாரோ சொன்னதும், "முழு வாக்கியத்தையும் படியுங்கள்" என்று பாய்கிறார். நியாயம்தான். 1999-இல் சிஎன்என்னில் கோர் சொன்னது, காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) இருந்தபோது இணையத்தை உருவாக்க முன்முயற்சி எடுத்தேன் என்று. 1991-இல் அவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் கணினி வலையமைப்புக்கு நிதி தந்தது. பெருமையைக் கொஞ்சம் தூக்கலாகச் சொல்லிக்கொண்டார், அவ்வளவே. பேலின் பேட்டியையும் அப்படியே முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.