புத்தகத்தின் ஓரத்தில் எங்கள் பிரிவு எழுதிய குறிப்புகள்

அரசு ஊழியர்களுக்குப் படிக்கும் பழக்கமும் கிடையாது, முன்னேற வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது என்று சென்ற மாதம் ஒரு திருமண விருந்தில் என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த ஒருவர் சொன்னார். நிறுவனங்களில் தலைமைப் பண்பு குறித்து வகுப்பு எடுப்பது அவருடைய தொழில். ஒரு முறை அரசு அலுவலகம் ஒன்றில் வகுப்பு எடுத்தபோது பின்வரிசையில் இருந்தவர்கள் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவருடைய மனக்குறை. அந்தச் சிரிப்பு எனக்கு 31 ஆண்டுகளாகப் பழக்கமானது. இளநிலை உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து கண்காணிப்பாளராகச் சென்ற ஆண்டு பணி நிறைவு பெறும்வரை நானும் அந்தப் பின்வரிசையில்தான் இருந்தேன். பந்தியில் வைத்து விரிவாகப் பேச முடியாததால் இங்கே எழுதுகிறேன். அந்தச் சிரிப்பில் விமர்சனம் இருக்கிறது. அதுவும் வேலை தெரிந்தவர்களின் விமர்சனம் இருக்கிறது. அதைக் காதுகொடுத்துக் கேட்காமல் எங்களுக்குத் தலைமைப் பண்பு கற்பிக்க யாராலும் முடியாது என்பது என் உறுதியான கருத்து.

சென்னையில் நான் வேலை பார்த்த இயக்குநரகத்தில் ஒருவரை ஒருவர் பெயரைவிட இருக்கையின் எண்ணால்தான் அதிகம் குறிப்பிடுவோம். அ2 என்றால் பணியமைப்பு, ஆ1 என்றால் நீதிமன்ற வழக்குகள், இ3 என்றால் ஓய்வூதியம். ஆள் மாறினாலும் இ3 மாறாது. மதியம் ஒன்றரை மணிக்குப் பதிவேடுகளை ஒதுக்கிவிட்டு மூன்று மேசைகளை ஒன்றாக இழுத்துப் போடுவோம். ஒருவர் டப்பாவில் வத்தக்குழம்புச் சாதம், இன்னொருவர் டப்பாவில் எலுமிச்சைச் சாதம், தட்டச்சர் அக்கா எல்லாருக்குமாக வறுத்துக்கொண்டு வரும் மோர் மிளகாய். அந்த அரை மணி நேரத்தில்தான் சுயமுன்னேற்ற நூல்கள் எங்கள் பிரிவில் வாசிக்கப்பட்டன. திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளிலிருந்து ஆ1 மாதம் இரண்டாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் புத்தகக் காட்சி நடந்தால் அந்த எண்ணிக்கை இன்னும் கூடும். எங்களுக்குப் படிக்கும் பழக்கம் இல்லை என்று சொல்பவர்கள் எங்கள் மேசை இழுப்பறைகளைத் திறந்து பார்த்ததில்லை.

அப்படி வந்த நூல்களில் நேர மேலாண்மையும் தலைமைப் பண்பும் கலந்த ஒரு நூல் ஏழெட்டுப் பேரிடம் கைமாறியது. படித்தவர்கள் எல்லாரும் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதினார்கள், அதுவும் கோப்பில் எழுதும் அதே நடையில் எழுதினார்கள். காலையில் மிக முக்கியமான வேலையை முதலில் முடித்துவிடுங்கள் என்ற வரிக்கு எதிரே அ2 எழுதியது இது: "சட்டமன்றக் கேள்வி, நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, முதலமைச்சரின் தனிப்பிரிவு மனு, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு ஆகிய நான்கும் இன்று காலை 10 மணிக்கே மிக முக்கியமானவை. எதனை முதலில் முடிப்பது என்பதற்குத் தெளிவுரை வேண்டப்படுகிறது." முடியாது என்று சொல்லப் பழகுங்கள் என்று ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பு. அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தது ஓர் எண் மட்டும்தான்: 17(ஆ). ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் கடும் தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை அந்தப் பிரிவின் கீழ்தான் வரும் என்பது அரசு ஊழியர் எல்லாருக்கும் தெரியும். வேலையைப் பிறருக்குப் பகிர்ந்தளியுங்கள் என்ற அறிவுரைக்கு "பணியிடம் காலி" என்று இரண்டே சொல்லில் பதில் இருந்தது. எந்த வேலையையும் அதன் முடிவை மனத்தில் வைத்துத் தொடங்குங்கள் என்ற வரிக்கு, ஓய்வு பெற எட்டு மாதமே இருந்த ஒருவர், "ஓய்வூதியக் கருத்துரு ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று தட்டச்சர் அக்காவுக்குப் புரையேறி ஒரு சொம்புத் தண்ணீர் தேவைப்பட்டது.

படித்து முடித்த நூலுக்குத் தீர்ப்பும் உண்டு. ஒரு கோப்பு முடிந்தால் அதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று முடிவு எழுதி அனுப்புவது எங்கள் நடைமுறை. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, அதற்குப் பிறகு அழித்துவிடலாம். பெரும்பாலான சுயமுன்னேற்ற நூல்களுக்கு எங்கள் மேசை ஓ.மு. போட்டது. ஸ்டீபன் கோவேயின் ஏழு பழக்கங்கள் நூல் 1989இல் வந்தது என்று ஆ1 சொன்னதும், "அப்போ மூணு தடவை அழிச்சிருக்கணுமே, இன்னும் எப்படி இருக்கு?" என்று இ3 கேட்டார். கொஞ்ச நேர வாதத்துக்குப் பிறகு அதற்கு மட்டும் நிரந்தரப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. பிறர் சொல்வதை முதலில் புரிந்துகொள், பிறகு உன்னைப் புரியவை என்று அதில் ஒரு பழக்கம் உண்டு. மனு கொண்டுவருபவர்களை நாள் முழுவதும் எதிர்கொள்ளும் இ3தான் அதற்காக வாதாடினார். நல்லதை நல்லதென்று சொல்லத் தெரியாத மேசை அல்ல அது.

பாலாடைக்கட்டியை நகர்த்தியது யார் என்று கேட்கும் சிறு கதை நூலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். ஸ்பென்சர் ஜான்சன் எழுதி 1998இல் வெளிவந்தது. ஒரு புதிர்ப்பாதையில் இரண்டு எலிகள், இரண்டு குட்டி மனிதர்கள். வைத்த இடத்தில் கட்டி இல்லாமல் போனதும் புலம்பாமல் ஓடித் தேடுகிறவர்கள் பிழைக்கிறார்கள். ஆட்குறைப்புச் செய்த நிறுவனங்கள் பல அதை மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்தன. கதையைக் கேட்டு முடித்த தட்டச்சர் அக்கா, "எலியையும் ஓடச் சொல்றாங்க, மனுஷனையும் ஓடச் சொல்றாங்க. நகர்த்தினவனை யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே?" என்றார். அந்த நூலைப் பற்றி இதைவிடச் சுருக்கமான, சரியான மதிப்புரையை நான் வேறெங்கும் படித்ததில்லை. தட்டச்சர் பணியிடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி நிரப்பப்படாமல் போனதைப் பல ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர்.

அரசு அலுவலகத்தையே நேரில் கவனித்து எழுதப்பட்ட நூல் ஒன்றும் எங்கள் மேசைக்கு வந்தது. செய்து முடிக்க எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரத்துக்கும் வேலை விரியும் என்ற புகழ்பெற்ற விதியை 1955இல் எக்கனாமிஸ்ட் இதழில் எழுதிய நார்த்கோட் பார்க்கின்சனின் நூல் அது. 1914க்கும் 1928க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரும் போர்க்கப்பல்கள் 62இலிருந்து 20 ஆகக் குறைந்தபோது, கடற்படைத் தலைமையகத்தின் அலுவலர்கள் 2,000இலிருந்து 3,569 ஆகப் பெருகினார்கள் என்று அவர் கணக்குக் காட்டுகிறார். படித்துவிட்டு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அ2 அமைதியாக, "நம்மகிட்ட கப்பல் கூடிக்கிட்டே போகுது மேடம், ஆளுதான் குறையறாங்க" என்றார். மேசை சற்று நேரம் பேச்சில்லாமல் இருந்தது.

இனி எழுதப்போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. எங்கள் பிரிவில் 26 வயதில் ஓர் இளநிலை உதவியாளர் சேர்ந்தார். நல்ல கையெழுத்து, அதைவிட நல்ல வரைவு. சேர்ந்த ஆறாவது மாதத்தில் அவருடைய இருக்கையோடு காலியாக இருந்த இரண்டு இருக்கைகளும் கூடுதல் பொறுப்பாக அவரிடம் வந்தன. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வரும்போதும் போகும்போதும் இந்த வகை நூல்களை வரிவிடாமல் படிப்பார். சில மாதங்களில் மதிய உணவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் அவருடைய இருக்கைக்குப் போனபோது, மேசைக் கண்ணாடிக்கு அடியில் அழகான கையெழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. அதிகாலை 4.30 மணிக்கு எழுவது, 20 நிமிடம் தியானம், 10 நிமிடம் அன்றைய இலக்குகளை எழுதுவது என்று இரவு 11 மணி வரை போனது. சாப்பாட்டுக்கு 8 நிமிடம் ஒதுக்கியிருந்தார். பக்கத்தில், இருக்கைக்கு வரும் தாள்களை அவரவர் பதிந்துவைக்கும் தன்பதிவேடு திறந்து கிடந்தது. நிலுவை 340 தாள்கள். "நான்தான் மேடம் நேரத்தைச் சரியா பயன்படுத்தல. என் மேலதான் தப்பு" என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இரண்டு பணியிடங்கள் நிரப்பப்படாததற்கான பழியை ஓர் இளம்பெண் தன் குணக்குறையாக எடுத்துத் தலையில் சுமந்துகொண்டிருந்தார். அவர் படித்த நூல்கள் அத்தனையும் அந்தப் பழி அவருடையதுதான் என்று பக்கத்துக்குப் பக்கம் உறுதி செய்துகொண்டிருந்தன. தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளவும், வேண்டாத வேலையை மறுக்கவும், உடன் வேலை செய்பவரைத் தேர்ந்தெடுக்கவும் உரிமை உள்ள ஒருவருக்காக எழுதப்பட்டவை அவை. அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாதவர் கையில் அதே அறிவுரை தண்டனையாக மாறிவிடுகிறது.

அவரைக் கையோடு மேசைக்கு அழைத்து வந்தோம். பென்சில் குறிப்புகள் நிறைந்த அந்தப் புத்தகத்தை ஆ1 அவரிடம் நீட்டினார். 17(ஆ)வைப் பார்த்ததும் சிரித்தவர், பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் எங்களோடு சாப்பிட்டார். பிறகு அ2 ஒரு தாளில் கணக்குப் போட்டார். மூன்று இருக்கைகளுக்கும் சேர்த்து மாதம் சராசரியாக 330 தாள்கள் வரவு. வேலை நாட்கள் 22. ஆக, நாளொன்றுக்கு 15 தாள்கள். காலை 10 முதல் மாலை 5.45 வரையிலான வேலை நேரத்தில் உணவு இடைவேளை போக மிஞ்சுவது 435 நிமிடங்கள். ஒரு தாளுக்கு 29 நிமிடம். பதிவறையில் பழைய கோப்பைத் தேடுவது, குறிப்பு எழுதுவது, வரைவு வைப்பது, சுத்த நகல் ஒப்பிடுவது, இடையில் வரும் தொலைபேசிக்கும் நேரில் வந்து நிற்கும் மனுதாரருக்கும் பதில் சொல்வது எல்லாம் அந்த 29 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். 4.30 மணிக்கு எழுந்தாலும் 3.30 மணிக்கு எழுந்தாலும் இந்தக் கணக்கு மாறாது என்பதை அவர் தாளைப் பார்த்தே புரிந்துகொண்டார். அந்தக் கணக்கைக் குறிப்பாக எழுதி, தன்பதிவேட்டுச் சுருக்கத்தை இணைத்து, பணிப்பகிர்வை மாற்றக் கோரி மேலே அனுப்பினேன்.

சுயமுன்னேற்றம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட நூலின் தலைப்பே அதுதான். லீட்ஸ் நகரத்து இளம் தொழிலாளர்கள் சிலர் மாலை வேளைகளில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று தாங்களாகவே ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள். இடம் போதாமல், முன்பு காலரா மருத்துவமனையாக இருந்த ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். அவர்கள் அழைத்ததால் அங்கே போய்ப் பேசியதிலிருந்துதான் தன் நூல் பிறந்தது என்று ஸ்மைல்ஸே முன்னுரையில் எழுதுகிறார். தனி மனிதனின் விடாமுயற்சியைப் போற்றும் நூல்தான் அது. ஆனால் அதற்கு முதல் காரணம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஒரே அறையில் கூடிய உழைப்பாளிகள். எங்கள் மூன்று மேசைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறை நினைவுக்கு வரும்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தில் பெற்ற அடிப்படைப் பயிற்சியில் கற்ற அலுவலக நடைமுறை, கடைசி நாள் வரை எனக்குச் சோறு போட்டது. நான் எதிர்ப்பது வேறொரு வகையை. வெளியிலிருந்து வந்த ஒருவர் எங்கள் பிரிவினரைக் கண்ணை மூடச் சொல்லி, ஐந்தாண்டுகளுக்குப் பிறகு உங்களை எங்கே காண்கிறீர்கள் என்று கேட்டார். "முதுநிலைப் பட்டியல்ல இப்போ 214 சார், அப்போ 160க்கு வந்திருப்பேன்" என்று இ3 பதில் சொன்னார். அறையே சிரித்தது. வந்தவர் முகம் சுருங்கி, இலட்சியம் இல்லாதவர்கள் என்று எங்களை அங்கேயே மதிப்பிட்டுவிட்டார். இ3 சொன்னதில் ஒரு சொல்கூடக் கேலி இல்லை. பதவி உயர்வு எந்த விதிப்படி வரும் என்று துல்லியமாகத் தெரிந்தவரின் நேர்மையான பதில் அது. அதே இ3, குடும்ப ஓய்வூதியத்துக்காக வரும் பெண்களைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, படிவத்தைத் தானே நிரப்பிக்கொடுத்து, அடுத்த முறை அலையாதபடி என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவார். அவருடைய இலட்சியத்தைக் காண அந்த இருக்கைக்குப் பக்கத்தில் அரை நாள் நின்றால் போதும்.

தலைமைப் பண்பை நான் நேரில் கண்ட ஓர் அதிகாரியும் உண்டு. நேரில் வந்து விளக்கு என்ற பொருளில் கோப்பில் "பேசுக" என்று எழுதித் திருப்பி அனுப்பாமல், சந்தேகம் இருந்தால் இருக்கைக்கே வந்து கேட்பார். அதைவிடப் பெரியது, வாயால் உத்தரவு போடவே மாட்டார். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் பின்னால் தணிக்கைத் தடை வரும்போது நான் சொல்லவில்லை என்பவர்களிடம் சிக்கி, கடைநிலையில் இருப்பவர் குறிப்பாணை வாங்கியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இவர் எதுவானாலும் தன் கையால் பச்சை மையில் எழுதிக் கையொப்பமிடுவார். அந்த இளநிலை உதவியாளருக்காக நான் வைத்த குறிப்பிலும், "கணக்கு சரி. இரண்டு இருக்கைகளும் மூவருக்குப் பிரித்து அளிக்கப்படுகின்றன. இதனால் ஏற்படும் காலதாமதத்துக்கு நானே பொறுப்பு" என்று எழுதினார். இந்தக் கடைசி வரியை எழுதும் துணிவை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் நிலுவை 90க்கு இறங்கியது.

அந்தப் பெண் இப்போது உதவியாளராகிவிட்டார். பென்சில் புத்தகம் அவருடைய இழுப்பறையில்தான் இருக்கிறது. நேர மேலாண்மை அத்தியாயம் முடியும் பக்கத்தில் 435 ÷ 15 = 29 என்ற கணக்கை அவரே எழுதிவைத்திருக்கிறார்; அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் "இணைப்பு: தன்பதிவேடு" என்று இருக்கிறது. பந்தியில் என் அருகில் அமர்ந்திருந்த பயிற்சியாளர் இதைப் படித்தால், அடுத்த வகுப்புக்கு முன் அந்தப் புத்தகத்தை அவருக்குக் கேட்டு வாங்கித்தர நான் தயார். ஒரு வாரத்தில் திருப்பிவிட வேண்டும். புதிதாக வந்திருக்கும் இ4 அதைக் கேட்டுக் காத்திருக்கிறார்.